லினக்ஸ் கணினிக்கு கிராபிக்ஸ் கார்டு: ஏஎம்டியா, என்விடியாவா?

நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினிக்கு இப்போது எட்டு மாதம் ஆகிறது. லினக்ஸ் மட்டும்தான் ஓடுகிறது. செயலி, ராம், எஸ்எஸ்டி விஷயத்தில் குழம்ப ஒன்றுமில்லை. எதை வாங்கினாலும் லினக்ஸ் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். என்னை இரண்டு வாரம் அலைக்கழித்தது கிராபிக்ஸ் கார்டுதான். கடைசியில் ஏஎம்டி வாங்கினேன், இன்றும் அந்தக் கட்சிதான். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ரே டிரேசிங்கில் (விளையாட்டுகளில் ஒளியை நிஜம்போலக் காட்டும் நுட்பம்) என்விடியா முந்தும், அது தெரிந்ததே. நான் பார்த்தது வேறு: டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

ஏஎம்டி கார்டுகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015இல் வந்த 4.2 பதிப்பிலிருந்தே கெர்னலுக்குள் இருக்கிறது. விளையாட்டுகளும் செயலிகளும் படம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல், வல்கன் இரண்டையும் மெசா என்ற திறந்த மூல மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. அதுவும் டிஸ்ட்ரோவோடு (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) வந்துவிடும். கார்டைச் செருகி லினக்ஸை நிறுவினால் திரையில் படம் வரும், தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். மாற்றுகிறவர்கள் உள்ளே இருக்கும் டிரைவர்களையும் கையோடு திருத்திவிடுவார்கள். வெளியே இருப்பவை அவரவர் பாடு.

என்விடியா வெளியே இருக்கிறது. 2022 மே மாதம் கெர்னல் மாட்யூலின் (கெர்னலில் செருகப்படும் டிரைவர் பகுதி) மூலநிரலைத் திறந்தார்கள். டூரிங் என்ற கார்டுத் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் அது பொருந்தும். நல்ல காரியம்தான். ஆனால் அது கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை, அதற்கு மேலே ஓடும் கூடா (கார்டில் கணக்கீடு செய்ய உதவும் என்விடியா மென்பொருள்), வல்கன் பகுதிகளும் மூடியேதான் இருக்கின்றன. அதனால் பல டிஸ்ட்ரோக்களில் கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் என்ற கருவி அந்த மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். பெரும்பாலும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகள் இல்லாமல் போனாலோ, டிரைவருக்குப் பழக்கமில்லாத புதுக் கெர்னல் வந்தாலோ, அடுத்த முறை கணினியை இயக்கும்போது கறுப்புத் திரைதான். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்ற விடும் பாதுகாப்பு வசதி) போட்டிருந்தால் மாட்யூலுக்கு டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். உபுண்டு கையெழுத்திட்ட மாட்யூலையே தருவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

கார்டுக்கு வயதாகும்போதுதான் வித்தியாசம் இன்னும் உறைக்கும். என்விடியாவின் பழைய தலைமுறையான கெப்ளர் கார்டுகளுக்குக் கடைசியாக இருந்த 470 வரிசை டிரைவருக்கு 2024இல் ஆதரவு முடிந்தது. அதற்குப் பின் வந்த மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு 580தான் கடைசி வரிசை. அதன் பிறகு நூவோ என்ற திறந்த மூல டிரைவரிடம் போகலாம், ஆனால் பாஸ்கலில் அதனால் கார்டின் வேகத்தை ஏற்ற முடியாது. கார்டு நன்றாக இருக்கும், ஓட்டத்தான் ஆளிருக்காது. ஏஎம்டி பக்கம் 2012இன் எச்டி 7970 இன்னும் புதிய கெர்னல்களில் எழுந்து நிற்கிறது. ஒரு கணினியைப் பத்து வருடம் வைத்திருக்கிற எனக்கு இது போதும்.

சரி, ஏஎம்டியில் குறையே இல்லையா? இருக்கிறது. கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் மூடியதுதான். அப்புறம் டிவி இணைப்புத் தரமான எச்டிஎம்ஐ 2.1. திறந்த மூல டிரைவரில் அதைச் சேர்க்க 2024இல் அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்தது. நான் டிஸ்பிளேபோர்ட்டில் இணைத்திருக்கிறேன். 4கே டிவியில் 120 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பவர்கள் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தம் புதுக் கார்டுக்குப் புதுக் கெர்னலும் வேண்டும். 2025இல் வந்த ஆர்எக்ஸ் 9070, டெபியன் 12இன் 6.1 கெர்னலில் ஒழுங்காக ஓடாது.

இயந்திரக் கற்றல்தான் உங்கள் வேலை என்றால் யோசிக்காமல் என்விடியா. அந்த வேலைக்கான ஏஎம்டியின் மென்பொருளான ராக்எம் சில கார்டுகளுக்கு மட்டுமே அதிகாரப்பூர்வ ஆதரவு தருகிறது. நானே அதில் சின்னச் சின்ன சோதனைகளுக்கு மேல் போனதில்லை.

இன்டெல்லின் ஆர்க் கார்டுகளின் டிரைவரும் கெர்னலுக்குள்தான் இருக்கிறது. பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் செயலி ஒரேயடியாக அணுக விடும் வசதி) இல்லாத பழைய போர்டில் மட்டும் மாட்டிவிடாதீர்கள், வேகம் படுத்துவிடும். நண்பரின் கணினியில் ஒரு மாலை பார்த்ததோடு சரி, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு ஆராய்ந்த நான் வைஃபை அட்டையில் கோட்டை விட்டேன். எம்.2 இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது, கணினியில் உள்ள சாதனங்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐ பட்டியலில் மட்டும் வரவே இல்லை. அது சிஎன்விஐ வகை, வைஃபை வேலையில் ஒரு பகுதியை இன்டெல் செயலி பக்கமே விட்டுவிடும். இன்டெல் செயலி உள்ள போர்டில்தான் வேலை செய்யும். என்னுடையது ஏஎம்டி. அட்டை இப்போது மேசை இழுப்பறையில் இருக்கிறது.