ஒரே வீட்டில் இரண்டு முழங்கால்: ஏசிஎல் கிழிவு, ஆபரேஷனோடும் ஆபரேஷன் இல்லாமலும்

என் இடது முழங்காலில் ஏசிஎல் ஜவ்வு (மூட்டுக்கு உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கிற ஜவ்வு) அறுந்து நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. எனக்கு அடுத்த வருடமே தம்பிக்கு வலது காலில் அதே ஜவ்வு அறுந்தது. அவன் செய்துகொண்டான். இரண்டு கால்களையும் கிட்ட இருந்து பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் எங்கள் இரண்டு பேர் காலும் இன்றைக்கு நம்பி நடக்கிற மாதிரி இருப்பதற்குக் காரணம் தொடைத் தசை. எந்த வழியில் போனாலும் அதைத் திரும்ப வளர்த்தாக வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதை யாரும் போதுமான அளவு அழுத்திச் சொல்வதில்லை.

நான் பள்ளி ஆசிரியை. அப்போது வயது முப்பத்தேழு. மாலையில் ஷட்டில் ஆடுவேன். பின்பக்கம் போன ஷட்டிலை எடுக்க, காலை ஊன்றி உடம்பைத் திருப்பினேன். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். யாரும் மோதவில்லை, யாரும் தள்ளவில்லை. ஏசிஎல் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது: ஓட்டத்தில் சட்டென்று நிற்பது, திரும்புவது, குதித்து இறங்குவது. வீட்டுக்கு வருவதற்குள் முட்டி பந்தாக வீங்கிவிட்டது. சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் வீக்கமும் வந்தால் அது சாதாரணச் சுளுக்கு இல்லை. உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம்.

தம்பிக்குக் கபடியில். ரெய்டு போய்க் கோட்டுக்குத் திரும்பும்போது ஒருவர் தொடையைப் பிடித்தார். பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. அவனுக்கு ஏசிஎல்லோடு மெனிஸ்கஸும், அதாவது இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும், கிழிந்தது. கிழிந்த துண்டு மூட்டுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டதால் காலை நிமிர்த்தவே முடியவில்லை. இந்த வித்தியாசம்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதல் வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஓர் ஊர்ப் பெயர் சொன்னார்கள். சுளுக்கு வழிப்பவர், எண்ணெய்க் கட்டு, மூலிகைப் பற்று. அம்மாவுக்கும் அந்தப் பக்கம்தான் மனசு. புதிதாக வீங்கிய முட்டியை அழுத்தி வழிப்பதும் திருகுவதும் ஆபத்து. உள்ளே எலும்பில் விரிசல் இருக்கலாம், மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம். ஐஸ் ஒத்தடம், காலை உயரமாக வைப்பது, ஊன்றுகோல், எக்ஸ்ரே. முதல் சில நாட்களுக்கு இது போதும். எம்ஆர்ஐ அதற்கு அப்புறம் எடுக்கலாம்.

நான் முதலில் போன இடத்தில் டாக்டர் ஸ்கேன் தாளை மட்டும் பார்த்துவிட்டு, முட்டியைத் தொடாமலேயே ஆபரேஷன் தேதி கொடுத்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டாவதாகப் பார்த்தவர் படுக்க வைத்து, முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். நல்ல காலிலும் அதையே செய்து ஒப்பிட்டார். அப்புறம் கேள்விகள். என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்பீர்கள், திரும்ப ஷட்டில் ஆடியே ஆக வேண்டுமா, நடக்கும்போது முட்டி நழுவுகிறதா? கடைசியில் சொன்னார்: "மூணு மாசம் ஒழுங்கா பிசியோ பண்ணுங்கம்மா. கால் நழுவுதான்னு பாருங்க. நழுவுச்சுன்னா வாங்க, பண்ணிடலாம். இது அவசர ஆபரேஷன் இல்ல."

அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்வீடனில் புதிதாக ஏசிஎல் அறுந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன் என்று செய்து பார்த்திருக்கிறார்கள். 2010-இல் வெளிவந்த அந்த ஆய்வில், இரண்டு வருட முடிவில் வலியிலும் நடமாட்டத்திலும் இரு பக்கத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். மீதிப் பாதிக்குத் தேவைப்படவே இல்லை. ஆனால் 2022-இல் பிரிட்டனில் 316 பேரை வைத்து வந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. அவர்கள் அடிபட்டுக் கொஞ்ச காலம் ஆகியும் முட்டி நழுவுவது நிற்காதவர்கள். அவர்களில் ஆபரேஷன் பக்கம்தான் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் டாக்டர் சொன்னதுதான் வருகிறது: புதுக் கிழிவென்றால் பொறுத்துப் பார்க்கலாம், பயிற்சிக்குப் பிறகும் நழுவினால் இழுத்தடிக்கக் கூடாது. நழுவுகிற ஒவ்வொரு தடவையும் மெனிஸ்கஸ் அடி வாங்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது மூட்டுக்கு உள்ளே இருக்கிற ஜவ்வைப் பற்றி. முட்டிச் சில்லுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற தசைநாண் முழுசாக அறுந்தால், பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கப் பாருங்கள். தூக்கவே முடியாமல், சில்லுக்கு மேலேயோ கீழேயோ தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்பட்டால், அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு மூன்று வாரம் தாண்டினால் தசை சுருங்கி மேலே ஏறிவிடும், இழுத்துத் தைப்பது கஷ்டம். பாதிக் கிழிவு என்றால், கால் நிமிர்ந்து தூக்க வருகிறது என்றால், பிரேஸ் போட்டு ஆறவிடுவது உண்டு. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். பில் கிளிண்டன் அமெரிக்க அதிபராக இருந்தபோது, 1997 மார்ச்சில், கோல்ஃப் வீரர் கிரெக் நார்மனின் ஃபுளோரிடா வீட்டுப் படியில் கால் தவறி வலது தொடைத் தசைநாணைக் கிழித்துக்கொண்டார். வயது 50. அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. சில நாட்களில் சக்கர நாற்காலியில் ஹெல்சிங்கிக்குப் போய் ரஷ்ய அதிபர் யெல்ட்சினைச் சந்தித்தார். படியில் ஒரு தப்பான அடி போதும் இதற்கு.

சரி, என் பிசியோவுக்கு வருகிறேன். முதல் பயிற்சியைக் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அந்தத் துண்டை முட்டியால் கீழே அழுத்த வேண்டும். அவ்வளவுதான். என்னால் முடியவில்லை. நான் அழுத்துகிறேன் என்று நினைக்கிறேன், பிட்டம் இறுகுகிறது, கணுக்கால் விறைக்கிறது, தொடை மட்டும் பிசைந்து வைத்த மாவு போலத் தொளதொளவென்று கிடக்கிறது. முட்டிக்குள் நீர் கட்டினால் உடம்பே தொடைத் தசையை வேலை செய்யவிடாமல் நிறுத்தி வைத்துவிடும் என்று பிசியோ அக்கா விளக்கினார். முட்டிக்கு மேலே உட்பக்கமாக விரலை வைத்து, "இங்க துடிக்கணும், இங்க மட்டும் பாரு" என்பார். கரன்ட் பேட் ஒட்டித் தசையைத் தூண்டினார். சில நாள் கழித்து அந்த இடத்தில் ஒரு மெல்லிய இழுப்பு தெரிந்தது. அதற்குள் டேப் வைத்து அளந்தபோது இடது தொடை வலதை விட மூன்று சென்டிமீட்டர் இளைத்திருந்தது.

அதன் பிறகு வரிசையாக: நிமிர்த்திய காலைத் தூக்குவது, குதிகாலைப் பின்னால் இழுத்து மடக்குவது, சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, படியில் ஒற்றைக் காலில் ஏறி மெல்ல இறங்குவது, ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடிப்பது. பின் தொடைத் தசைக்கும் தனியாகப் பயிற்சி உண்டு, ஏசிஎல் இல்லாத முட்டியில் கீழெலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைப்பது அதுதான். பாடு எல்லாம் படி இறங்குவதில். ஏறுவது சீக்கிரம் வந்துவிடும். இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாயாமல் காப்பது மாதங்கள் எடுத்தது. கண்ணாடி முன்னால் செய்யுங்கள், தப்பு உடனே தெரியும்.

நம் வீட்டு வாழ்க்கைக்கு என்று சில கஷ்டங்கள் இருக்கின்றன, வெளிநாட்டு வீடியோக்களில் அவை வராது. இந்தியன் டாய்லெட் பல மாதங்களுக்கு முடியாது. நாற்காலி மாதிரி ஸ்டாண்ட் கடையில் கிடைக்கிறது, முதல் நாளே வாங்கிவிடுங்கள். சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, கோலம் போடக் குனிவது, கோயிலில் விழுந்து கும்பிடுவது எல்லாம் தள்ளிப் போகும். டவுன் பஸ்ஸின் கடைசிப் படி உயரம், இறங்கும்போது அடிபட்ட காலை முதலில் கீழே வைக்க வேண்டும். வகுப்பில் கரும்பலகையில் எழுதியபடியே காலை ஊன்றித் திரும்புவது எனக்குப் பழக்கம். அதை மாற்றிச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்பக் கற்றுக்கொண்டேன். மூன்று மாதம் முடிந்தபோது நடையில் நழுவல் இல்லை. ஆறாவது மாதம் படியிலும் இல்லை. ஆபரேஷன் பேச்சு அதோடு நின்றது.

தம்பிக்கு யோசிக்க இடமே இல்லை. மாட்டிக்கொண்ட மெனிஸ்கஸை எடுத்து ஒட்ட வேண்டும், வயது இருபத்து நாலு, கபடி வேண்டும் என்கிறான். வீக்கம் வடிந்ததும் சாவித் துளை ஆபரேஷன். பின் தொடையில் இருந்து தசைநாணை எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு உள்ளே கோத்தார்கள், மெனிஸ்கஸைத் தைத்தார்கள். தனியார் மருத்துவமனையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. பிசியோ செலவு தனி. வீட்டில் அதைக் கணக்கில் வைக்க மறந்துவிடுகிறார்கள், பாதியில் பணம் தீர்ந்து பயிற்சி நின்றுபோன ஆட்களை அங்கேயே பார்த்தோம்.

மரப்பு ஊசியின் வேகம் குறைந்த முதல் ராத்திரி வலி கடுமை. மாத்திரையை வலி வந்த பிறகு போடாமல் நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரத்தில் எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார்கள். மடங்குவது பின்னால் வரும். நிமிர்வதைப் பாருங்கள். குதிகாலுக்கு அடியில் துண்டை வைத்து முட்டியைத் தொங்கவிட்டு, முழுசாக நிமிர்கிறதா என்று தினமும் பார்த்தோம். அந்தக் கடைசி ஐந்து டிகிரியை விட்டால் வாழ்நாள் முழுக்க நொண்டல் தங்கிவிடலாம். மெனிஸ்கஸ் தைத்ததால் அவனுக்கு முதல் வாரங்களில் 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, உடம்பு பாரத்தையும் முழுசாக வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. வடுவுக்குப் பக்கத்தில் வெளிப்புறமாக உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருக்கிறது, இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஆபரேஷனில் தோல் நரம்பு அறுபடுவது சகஜம், பயப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாம் மாதம்தான் எனக்கு அவனைப் பற்றிப் பயமாக இருந்தது. வலி போய்விட்டது, நடை சரியாகிவிட்டது, வண்டி ஓட்டுகிறான், நண்பர்கள் மைதானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். உள்ளே வைத்த தசைநாண் எலும்போடு ஒட்டி ஜவ்வாக மாறுகிற வழியில், ஆறாவது வாரத்தில் இருந்து சில மாதங்கள் வைத்த அன்றைக்கு இருந்ததை விடப் பலவீனமாக இருக்கும். வெளியே நன்றாக இருக்கிற காலமும் உள்ளே பலவீனமாக இருக்கிற காலமும் ஒன்றாக வருகின்றன. அவனைப் பிடித்து நிறுத்தியது பிசியோ போட்ட நிபந்தனை: ஒன்பது மாதத்துக்கு முன்னால் மைதானம் இல்லை, அதற்குப் பிறகும் ஒற்றைக் கால் தாண்டலிலும் தொடை பலத்திலும் நல்ல காலின் 90 சதவீதம் வர வேண்டும். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரைக்கும் ஒவ்வொரு மாதம் தள்ளிப் போட்டதற்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு பாதியாகக் குறைந்ததாகப் பார்த்திருக்கிறார்கள். அவன் ஒரு வருடம் கழித்துத்தான் ரெய்டு போனான். போன பிறகும் தொடையைப் பிடித்தால் உடம்பு தானாக விறைத்தது என்றான், அந்தப் பயம் போக இன்னொரு சீசன் ஆனது.

இன்றைய நிலவரம். நான் ஓடுகிறேன், மாடிப்படி, மலைக்கோயில் படி எல்லாம் ஏறி இறங்குகிறேன், சம்மணம் போடுகிறேன். குத்த வைத்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் இறுகும். ஷட்டில் இரட்டையர் மட்டும், சிங்கிள்ஸ் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் மனசு கனக்கத்தான் செய்கிறது. சிங்கிள்ஸ் எனக்கு விட முடியாத ஒன்றாக இருந்திருந்தால் ஆபரேஷன்தான் சரியான வழி. தம்பி உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுகிறான், நீண்ட நேரம் பைக் ஓட்டினால் முட்டிச் சில்லுக்கு அடியில் வலி வருகிறது. தொடைச் சுற்றளவில் அவனுக்கு இன்னும் ஒரு சென்டிமீட்டர் குறைவு, எனக்குச் சமமாகிவிட்டது.

ஏசிஎல் அறுந்த முட்டியில் தேய்மானம் மற்றவர்களை விடச் சீக்கிரம் வர வாய்ப்பு உண்டு. ஆபரேஷன் செய்தாலும் அந்த வாய்ப்பு முழுசாகப் போவதில்லை. அதனால் எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன், வாரத்தில் மூன்று நாள் படிப் பயிற்சியும் பின் தொடைப் பயிற்சியும் இன்னும் செய்கிறேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதத்தில் விட்டுப் போனால் இரண்டே வாரத்தில் படி இறங்கும்போது முட்டி சொல்லிவிடும்.