கூரை டி.வி. ஆன்டெனாவில் ஸ்கேனர்: மூன்றாண்டு அனுபவம்

டிஷ் வந்த பிறகு வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்த பழைய டி.வி. ஆன்டெனாவைக் கழற்றி எறிவதற்காகக் கூரை ஏறியவன், எறியாமலே இறங்கினேன். வீட்டில் ஒரு ரேடியோ ஸ்கேனர் இருந்தது; விமானம், கப்பல், வாக்கி-டாக்கிப் பேச்சுகளைத் தேடிக் கேட்கும் கருவி. அதோடு வந்த ரப்பர் ஆன்டெனாவில், தலைக்கு மேலே பறக்கும் விமானத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இந்த டி.வி. ஆன்டெனாவைச் செருகிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

முதல் நாள் ஏமாற்றம்தான். விமானிகளின் குரல் தெளிவாகக் கேட்டது, ஆனால் அந்தப் பெருமை ஆன்டெனாவுக்குச் சேராது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் ரேடியோ, மறைப்பு இல்லாவிட்டால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வரை எட்டும். ஒரு கம்பித் துண்டே அதற்குப் போதும். தரையிலிருந்து பேசும் கட்டுப்பாட்டுக் கோபுரம்தான் உண்மையான பரீட்சை. அது இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தது.

கோளாறு ஆன்டெனாவின் குச்சிகள் படுத்திருப்பதில் இருந்தது. டி.வி. ஒளிபரப்பு பெரும்பாலும் கிடைமட்ட அலையாக வருவதால் ஆன்டெனாவையும் அப்படியே கட்டுகிறார்கள். விமான அலைவரிசை, கப்பல் ரேடியோ, வாக்கி-டாக்கி எல்லாம் செங்குத்து. இந்த முரணால் ஏட்டுக் கணக்கில் 20 டெசிபலுக்கு மேல் இழப்பு, அதாவது நூறில் ஒரு பங்கு சக்திகூட மிஞ்சாது. அலைகள் சுவர்களில் பட்டுச் சிதறி வருவதால் நடைமுறையில் அவ்வளவு மோசமில்லை.

கிளாம்பைத் தளர்த்தி ஆன்டெனாவை 90 டிகிரி திருப்பினேன். பெரிய மாற்றமில்லை. நடுவில் பிடித்திருந்த இரும்புக் கம்பமும் இப்போது குச்சிகளுக்கு இணையாக நின்று, தானும் ஒரு குச்சி என்று குறுக்கே புகுந்துவிட்டது! பின்முனையை மட்டும் பிடித்து, ஆன்டெனா முழுவதும் கம்பத்துக்கு முன்னால் நீட்டி நிற்கும்படி மாற்றிக் கட்டிய அன்று, ஒரு கோடுகூட ஏறாத சிக்னல் மானியில் மூன்று கோடுகள் எழுந்தன. கோபுரம் பேசியது.

அடுத்த எதிரி பூஸ்டர். கம்பத்தில் இருந்த அந்தச் சின்னப் பெட்டி நல்லது செய்யும் என்று நம்பி விட்டுவைத்திருந்தேன். விமானி பேச வேண்டிய 120 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் கரகரவென்று பாட்டு கேட்டது. 88 முதல் 108 வரை உள்ள எஃப்.எம். நிலையங்களின் பலத்த சிக்னலைப் பூஸ்டர் மேலும் பெருக்க, ஸ்கேனர் திணறி, இல்லாத இடங்களில் எல்லாம் நிலையங்களை உண்டாக்கியது. பூஸ்டரைக் கழற்றி, எஃப்.எம்.மைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைச் சேர்த்த பிறகுதான் அமைதி. பூஸ்டருக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் ஏறும். அந்த அடாப்டரை மறந்து விட்டுவைத்தால் மின்சாரம் ஸ்கேனருக்குள் போகும்.

டி.வி. கேபிளின் மின்மறுப்பு 75 ஓம், ஸ்கேனருடையது 50 ஓம், பொருந்தாது என்று பயமுறுத்துவார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் இழப்பு 0.2 டெசிபல்கூட இல்லை. ஒரு இணைப்பான் வாங்கினால் முடிந்தது.

அலைவரிசைகளில் இந்த ஆன்டெனா பாரபட்சம் காட்டும். குச்சியின் நீளம் அலையின் பாதி நீளத்துக்கு அருகில் இருந்தால்தான் நன்றாகக் கேட்கும். என்னுடையதில் மிக நீளமான குச்சி 80 சென்டிமீட்டர் சொச்சம். 120 மெகாஹெர்ட்ஸின் அரை அலையோ 125 சென்டிமீட்டர். அதனால் விமானத்தைவிட 156 மெகாஹெர்ட்ஸ் கப்பல் ரேடியோ நன்றாகக் கேட்கிறது, 450க்கு மேல் வாக்கி-டாக்கி அதைவிட நன்றாக. முகம் பார்த்த திசையில் கூர்மை, முதுகுப் பக்கம் செவிடு. சுற்றிலும் கேட்க விரும்புகிறவருக்கு எல்லாத் திசையிலும் கேட்கும் டிஸ்கோன் ஆன்டெனாதான் பொருத்தம்.

இரண்டாம் ஆண்டு மழையில் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. கனெக்டரைத் திருகிக் கழற்றியபோது இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, நீர்புகா டேப் சுற்றி, தண்ணீர் கீழே சொட்டும்படி கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டேன். கம்பத்துக்கு எர்த் உண்டு. இடி இடித்தால் அதையும் நம்பாமல் கேபிளைப் பிடுங்கிவிடுகிறேன்.

போன மாதம் பக்கத்திலேயே 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு செங்குத்துக் கம்பியை, அடியில் நான்கு கிடைக் கம்பிகளோடு நட்டேன். நாலா பக்கமும் மேய்வதற்கு அது, கோபுரத்துக்கு டி.வி. ஆன்டெனா. மேசையில் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவிட்ச்.