எட்டு வருடம், ஒரே மொட்டை மாடி: வெள்ளைப் பூச்சு, சோலார், மழைநீர்த் தொட்டி

வீடு கட்டி முடித்த அடுத்த வருடமே மொட்டை மாடியில் மூன்று வேலைகள் செய்தோம். முதலில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. நான்கு மாதம் கழித்து சோலார் பேனல். அந்த வருட மழைக்கு முன்னால் மழைநீர்த் தொட்டி. மூன்றையும் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. எட்டு வருடத்தில் நாங்கள் பட்ட சிரமத்தில் பாதிக்கு மேல் இதனால்தான் வந்தது. மூன்றும் நல்ல பொருள்கள், இன்றும் மூன்றும் வேலை செய்கின்றன, யார் கேட்டாலும் போடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் ஒரே மாடியைப் பங்கு போடும்போது ஒன்று இன்னொன்றை எங்கே தொந்தரவு செய்யும் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைப் பூச்சின் பலன் முதலில் தெரிந்தது ராத்திரியில்தான். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடாது. பல மணி நேரம் வைத்திருந்து, நாம் படுக்கப் போகும் நேரத்தில் இறக்கும். பூசுவதற்கு முன் ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். பூசிய வாரமே அது குறைந்துவிட்டது. "இன்னைக்கு வெளியே மழை பெய்யுதா?" என்று என் மனைவி கேட்டது இப்போதும் நினைவிருக்கிறது.

பூச்சு போதாமல் படிக்கட்டு அறைக்குப் பக்கத்தில் ஒரு பாய் அளவு இடம் வெறுமனே நின்றுவிட்டது. அது நல்லதாகப் போயிற்று, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் கிடைத்தது. வெயில் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு வெப்பமானியைக் காட்டினால் வெறும் கான்கிரீட்டில் 58 டிகிரி, வெள்ளையில் 41. வெறுங்காலோடு நடந்தால் கருவியே வேண்டாம், வெள்ளையில் நிற்கலாம், அந்தப் பாய் அளவு இடத்தில் இரண்டு நொடி நிற்க முடியாது.

மூன்றாவது வருடம் அதே வெள்ளையில் 49 காட்டியது. பூச்சு தேய்ந்துவிட்டது, மறுபடி பூச வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஒரு ஓரத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிப் பார்த்தால் 44-க்கு இறங்கியது. தூசியும் பாசியும்தான் காரணம். புதிய வெள்ளைப் பூச்சு சூரிய ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அழுக்கு படியப் படிய அது குறையும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை, வெயில் தொடங்கும் முன் கழுவிவிடுங்கள். நாங்கள் இப்படிக் கழுவிக் கழுவித்தான் இரண்டாவது பூச்சை ஐந்தாவது வருடம் வரை தள்ளிப் போட்டோம்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். குளிர் அதிகமுள்ள இடத்தில், வீட்டுக்கு வெயில் தேவைப்படும் மாதங்களில், இந்தப் பூச்சு நஷ்டம். அப்புறம், பக்கத்தில் நம் வீட்டைவிட உயரமான வீடு இருந்தால் முன்கூட்டியே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இரண்டாம் நாளே வந்து, "தம்பி, ஜன்னலைத் திறக்க முடியல, கண்ணு கூசுது" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வலை கட்டிக் கொடி ஏற்றினோம். கொடி படரும்வரை மூன்று மாதம் அவர் பொறுத்துக்கொண்டதை மறக்க மாட்டேன்.

இனி சோலார். 330 வாட் பேனல் ஒன்பது, மொத்தம் 3 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் 12 யூனிட் வரும். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதம்தான் அதிகம் தரும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். பேனல் வெளிச்சத்தைத்தான் மின்சாரமாக்குகிறது, சூடு அதற்கு எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். பேனல் 60 டிகிரி தொட்டால் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். மழை விட்டு வானம் கழுவிய மாதிரி இருக்கும் காற்றடிக்கும் நாட்களில்தான் எங்கள் மீட்டர் அதிகம் காட்டியது. பேனலுக்கு அடியில் காற்று ஓட இடம் விடுவது ஏன் முக்கியம் என்பது அப்போதுதான் புரிந்தது.

பேனலை நிறுத்திய விதத்தில் வந்ததுதான் பெரிய தொல்லை. பேனல் போட்டவர்கள் இரும்புக் காலைத் தளத்தோடு ஒட்டி வைத்து, துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்தார்கள். அந்தத் துளைகள் வெள்ளைப் பூச்சையும் அதற்குக் கீழிருந்த நீர்க்கசிவுத் தடுப்பையும் சேர்த்தே கிழித்தன. "சுத்தி சிலிகான் பூசிட்டா சரியாயிடும் சார்" என்றார்கள். சிலிகான் இரண்டு வெயிலைத் தாங்கியது. அடுத்த மழையில் படுக்கையறைக் கூரையில் ஓதம். தண்ணீர் இறங்கிய துளை ஓரிடம், ஓதம் தெரிந்தது நான்கடி தள்ளி. கொத்தனார் முதலில் ஓதத்துக்கு நேர் மேலே உடைத்துப் பார்த்தார், அங்கே ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொரு காலைச் சுற்றியும் மண்ணால் வரப்புக் கட்டி, நாளுக்கு ஒன்றாகத் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். ஐந்தாம் நாள் பிடிபட்டது.

பேனல்களை இறக்கி, எல்லாத் துளைகளையும் அடைத்து, தளத்தில் ஓட்டை போடாமல் மேலேயே கான்கிரீட் திண்டு வார்த்து அதன்மேல் கால்களை நிறுத்தினோம். காற்று பேனலைப் பட்டம் போலத் தூக்கப் பார்க்கும் என்பதால் திண்டின் எடையைக் கட்டடப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தளம் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இதை நம் விருப்பத்துக்குச் செய்யக் கூடாது. உயரத்தையும் ஓர் ஆள் குந்திப் போகிற அளவுக்கு ஏற்றினோம். அதன் பிறகுதான் பேனலுக்கு அடியிலும் கூட்டவும் பூசவும் முடிந்தது. பேனலின் நிழல் விழும் அறைதான் இன்று வீட்டில் குளிர்ச்சியான அறை.

மற்றபடி சோலார் பெரிதாகத் தொல்லை கொடுக்கவில்லை. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் ஏழாவது வருடம் போனது. பேனல் 25 வருடம் உழைக்கும், இன்வெர்ட்டர் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் ஒரு முறையாவது மாறும், அதைத் தொடக்கத்திலேயே செலவுக் கணக்கில் எழுதி வையுங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் வகை, கரண்ட் போனால் நல்ல வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு நம் வீட்டிலிருந்து மின்சாரம் பாயாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மாலையில் மாடியில் இருக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசையாக இணைத்த மற்றவையும் சேர்ந்து இறங்கும். வெயில் சாய்ந்து வரும் மாதங்களில் நிழல் எங்கே நீள்கிறது என்று முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு பேனலை வேறு பக்கம் வைத்திருப்போம்.

மழைநீர்த் தொட்டியில் நாங்கள் கற்றது எளிய பெருக்கல் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் மாடி 100 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர், தெறித்ததும் ஈரமானதும் போக 800 லிட்டராவது சேரும். அரை மணி நேர மழையில் தொட்டி நிரம்புவதை முதல் தடவை பார்த்தபோது அத்தனை வருடமாக ஓடவிட்ட தண்ணீரை நினைத்து மனசு கனத்தது.

ஆனால் முதல் இரண்டு வருடம் அந்தத் தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது, லேசான வாடையும் அடித்தது. முதல் மழையின் அழுக்கை ஒதுக்கக் குழாய் வைத்திருந்தும் இப்படி. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிளம்பர் வைத்தது 4 அங்குலக் குழாய், 3 மீட்டர் நீளம். மீட்டருக்கு 8 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 24 லிட்டர் பிடிக்கும். முதல் 1 மில்லிமீட்டரை ஒதுக்கவே எங்கள் மாடிக்கு 100 லிட்டர் வேண்டும். மீதி அழுக்கெல்லாம் நேராகத் தொட்டிக்குப் போயிருக்கிறது. அந்த அழுக்கில் பெரும்பங்கு, பேனலுக்கு அடியில் கூடு கட்டிய புறாக்களின் எச்சம். குழாயை எடுத்துவிட்டு 100 லிட்டர் டிரம் வைத்தோம். அடியில் சின்னத் துளை, மழை விட்ட பிறகு அதுவாகவே சொட்டிக் காலியாகும். பேனலைச் சுற்றி வலை அடித்தோம். தொட்டிக்கு வெளிச்சம் புகாத மூடி, நிரம்பி வழியும் குழாயின் வாயில் கொசுவலை. அதற்குப் பிறகு வாடை இல்லை.

இந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கோ சமையலுக்கோ எடுப்பதில்லை. எங்கள் கூரைப் பூச்சு குடிநீருக்கு ஏற்றதென்று சான்று பெற்றதல்ல, வெயிலில் காய்ந்து மாவு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக உதிரவும் செய்கிறது. கழிப்பறை, துணி, செடி இவற்றுக்குத் தாராளமாகப் போதும். நிரம்பி வழிவது கிணற்றுக்குப் போகிறது. குடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பூச்சு வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் மாடியில் சோலாரும் மழைநீரும் ஒத்துப்போகும் ஒரு வேலை உண்டு, பேனல் கழுவுவது. போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புத் திட்டு நிற்கும். மழைநீரில் கழுவினால் கண்ணாடி தெளிவாக இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சூடு ஏறும் முன் விடிகாலையில், இரண்டு வாளி மழைநீரும் ஒரு நீளக்கம்பு மாப்பும் போதும். கழுவிய அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பிப் போகாமல் இருக்க, வடிகுழாயில் ஒரு வால்வு வைத்திருக்கிறோம். "பேனல் கழுவும் முன் மூடவும், முடிந்ததும் திறக்கவும்" என்று என் மகள் ஓர் அட்டையில் எழுதி அந்த வால்விலேயே கட்டியிருக்கிறாள். வெயிலில் எழுத்து வெளுக்கும்போதெல்லாம் மேலேயே மறுபடி எழுதுகிறாள்.