ஃபார்ம் வாங்க வெறும் பி.எச்.பி. போதுமா?

பெயர், போன் நம்பர், ஒரு செய்தி, கீழே சப்மிட் பட்டன். இவ்வளவுதான் ஃபார்ம் என்றால் ஃப்ரேம்வொர்க் (பாதி வேலையை முன்பே முடித்து வைத்த கோடு தொகுப்பு) எதுவும் வேண்டாம், சர்வரில் ஓடும் நிரல்மொழியான வெறும் பி.எச்.பி. தாராளமாகப் போதும். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஒரு ஃபைலை ஏற்றினால் போதும், வந்த விவரமெல்லாம் போஸ்ட் அரே ($_POST) என்ற பட்டியலில் தயாராக இருக்கும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் பி.எச்.பி.யை வெளியிட்ட நாள் முதலே ஃபார்ம் வாங்குவதும் இதன் வேலைகளில் ஒன்று. ஃபார்மில் வந்ததெல்லாம் தானாகவே கோடின் மாறிகளாகிவிடும் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற பழைய தலைவலியைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், கண்டுகொள்ளாதீர்கள், 2012இல் வந்த 5.4 பதிப்பிலேயே அதைத் தூக்கிவிட்டார்கள்.

என் புகார் வேறு. கத்த வேண்டிய இடத்தில் இது வாயே திறக்காது. போட்டோ ஏற்றும் ஃபார்மை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிங்கை மாற்றாவிட்டால் ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த ஃபார்முக்கு 8 எம்பிதான் வரம்பு. ஒருவர் போனில் எடுத்த நாலு படங்களைச் சேர்த்து அனுப்பி அந்த 8ஐத் தாண்டிவிட்டால் போஸ்ட் அரே, ஏற்றிய ஃபைல்கள் வரும் ஃபைல்ஸ் அரே இரண்டுமே காலியாக வந்து நிற்கும், உங்கள் கோடும் அப்பாவியாக ‘பெயர் கட்டாயம்’ என்று திருப்பிச் சொல்லும், அவரோ பெயரையெல்லாம் ஒழுங்காகத்தான் அடித்திருப்பார். எச்சரிக்கை எர்ரர் லாகில் கிடக்கும், அதை யார் போய்ப் பார்ப்பது?

அப்புறம் நம் எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை நீளம் எண்ணும் சாதாரண ஸ்ட்ர்லென் (strlen) ஃபங்ஷனிடம் கேட்டால் 15 என்கிறது, அது பைட் கணக்கு. எம்பி ஸ்ட்ர்லென் (mb_strlen) 5 என்கிறது, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. நாம் எண்ணுகிற மாதிரி 3 வேண்டும் என்றால் இன்ட்ல் (intl) எக்ஸ்டென்ஷனில் உள்ள கிராஃபீம் ஸ்ட்ர்லென்தான் கதி. ‘பெயர் 20 எழுத்துக்குள்’ என்று ஸ்ட்ர்லென்னை வைத்து ஒரு வரி எழுதிவிட்டால், தமிழில் பெயர் அடிப்பவருக்கு ஆறு எழுத்துக்கூடத் தேறுவது சந்தேகம்.

பாதுகாப்பிலும் இதே கதைதான். வந்த பெயரை அப்படியே பக்கத்தில் எக்கோ செய்தால், அதற்குள் யாராவது ஸ்கிரிப்ட் டேகை ஒளித்திருந்தால் அதுவும் ஓடும். டேகை வெறும் எழுத்தாக்கிவிடும் எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ் ஃபங்ஷன் இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஞாபகமாகப் போடுவது உங்கள் பொறுப்பு. டேட்டாபேஸுக்குப் போகிறதென்றால், வந்த விவரத்தைக் கட்டளையோடு கலக்காமல் தனியே அனுப்பும் பி.டி.ஓ. பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட், இதில் பேச்சுக்கே இடமில்லை. பிரவுசரிலேயே சரிபார்த்துவிட்டோமே என்பவர்களுக்கு: பிரவுசர் இல்லாமலே ஃபார்மை அனுப்பும் கர்ல் என்ற கருவி வைத்திருப்பவனுக்கு உங்கள் பிரவுசர் தேவையே இல்லை.

லாகின், பணம் என்று வந்துவிட்டால் லாராவெல் என்ற பி.எச்.பி. ஃப்ரேம்வொர்க்குக்குப் போய்விடுங்கள். வேறொரு தளம் உங்கள் பயனர் பெயரில் ஃபார்ம் அனுப்புவதைத் தடுக்கும் சி.எஸ்.ஆர்.எஃப். டோக்கன், அதன் பக்க வார்ப்பான பிளேடில் ஒரே வரி, எஸ்கேப் செய்வதும் தானாக நடக்கும். எழுத்து மட்டுமே வரலாம் என்று சரிபார்க்கும் அதன் ஆல்ஃபா விதி தமிழ் எழுத்தையும் குறியையும் சரியாகவே ஏற்கிறது. ஆனால் பெயர்க் கட்டத்துக்கு அதைப் போடாதீர்கள், இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளியையும் இடைவெளியையும் தள்ளிவிடும்.