முதல் ஏர் பிஸ்டல்: காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து வாங்குங்கள்

பத்து மீட்டர் இலக்குக்கு முதல் ஏர் பிஸ்டல் தேடுபவர் கடையில் முதலில் கேட்பது வேகத்தைத்தான். இந்த விளையாட்டில் அதற்கு மதிப்பே இல்லை. அரை கிராம் எடையுள்ள தட்டைத்தலை பெல்லட் (ஏர் பிஸ்டலின் சிறு குண்டு) நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போனாலே அட்டையில் சுத்தமான வட்டத் துளை விழும். அது மூன்றரை ஜூல் அளவுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: பெல்லட்டைத் தள்ளும் அழுத்தம் எங்கிருந்து வருகிறது, அதை யார் பராமரிக்கப் போகிறார்கள்?

ஸ்பிரிங் பிஸ்டலை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பெல்லட் பேரலை, அதாவது குழலை, விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கி உதறிவிடும். பிடி கொஞ்சம் மாறினாலும் அடி, அதாவது குண்டு போய் விழும் இடம், மாறும். பிழை உங்கள் விரலிலா துப்பாக்கியிலா என்று தெரியாமல் பழகுவது வீண் பாடு. வைராவ் எச்.டபிள்யூ.45 போல நன்றாகச் செய்யப்பட்டவையும் உண்டு, ஆனால் கற்பவருக்கு அவை வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல் கையில் எடுத்ததும் பிடித்துப்போகும். 12 கிராம் கேப்ஸ்யூலைப் போட்டு முறுக்கினால் போதும், அசைவும் குறைவு. நம் ஊரில் இதற்கு எதிரி வெயில். 20 டிகிரியில் கேப்ஸ்யூலுக்குள் சுமார் 57 பார் அழுத்தம் இருக்கும், 30 டிகிரியில் 72 பாரை எட்டும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே இருக்காது, அதன்பின் அழுத்தம் இன்னும் வேகமாக ஏறும். அப்போது சில பிஸ்டல்களில் உள்ளே இருக்கும் சுத்தியலால் வால்வைத் தட்டித் திறக்கவே முடியாது. மறுபுறம், அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் வாயு குளிர்ந்து அடி கீழே இறங்கும். ஏசி அறையில் சைட்டை (குறிபார்க்கும் முனையை) சரிசெய்துவிட்டு மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குப் போனால் எல்லாம் மேலே ஏறியிருக்கும். குத்திய கேப்ஸ்யூலை நாள்கணக்கில் உள்ளேயே விட்டால் சீல் கெடும். இந்த வகையில் போட்டித் தரமானவற்றோடு எனக்குப் பழக்கம் குறைவு. நான் சொல்வது சாதாரண விலைப் பிஸ்டல்களைப் பற்றி.

பி.சி.பி. என்கிற முன்நிரப்பு பிஸ்டல்தான், அதாவது சிலிண்டரில் அழுத்தக் காற்றை முன்பே நிரப்பி வைத்துச் சுடுவதுதான், போட்டிகளை ஆள்கிறது. ஹாமெர்லி ஏ.பி.20 இந்த வகையில் தொடக்க நிலைக்கு வந்த ஒன்று. ட்ரிகர், சமநிலை, அசைவின்மை எதிலும் குறை சொல்ல முடியாது. சிக்கல் சிலிண்டரில்தான். 200 பார் காற்று வேண்டும். கிளப்பில் பெரிய சிலிண்டர் இருந்தால் கவலையில்லை. வீட்டில் கைப்பம்பு வைத்து நிரப்புபவர் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் செய்தால் கடலோர ஊர்க் காற்றின் தண்ணீரெல்லாம் சிலிண்டருக்குள் போய் அரிக்கும். அதோடு பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சிலிண்டருக்குத் தரும் ஆயுள் 10 ஆண்டுகள். தேதி கடந்த சிலிண்டருடன் போட்டிக்குப் போக முடியாது. பழைய பி.சி.பி. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். மலிவுக்குக் காரணம் பல சமயம் அங்கேதான் இருக்கும்.

என் சாய்வு ஒற்றை இழுப்பு பிஸ்டல் பக்கம். ஒரே ஒரு முறை நெம்புகோலையோ மேல்மூடியையோ திறந்து மூடினால் ஒரு சுடுதலுக்கான காற்று தயார். கேப்ஸ்யூல் செலவு இல்லை, நிரப்ப ஓட வேண்டியதில்லை, காலாவதித் தேதியும் கிடையாது. ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றிலிருந்தே தொடங்குவதால் வெயிலும் குளிரும் அடியைப் பெரிதாக மாற்றுவதில்லை. உதறலும் இல்லை.

பராமரிப்பு என்று இருப்பது பம்பு சீல் ஒன்றுதான். சைக்கிள் பம்பின் வாஷர் மாதிரி, காய்ந்தால் காற்று பிடிக்காது. நூல் பிரியாத துணியால் துடைத்து, சிலிகான் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். தையல் மெஷின் எண்ணெய் போன்ற பெட்ரோலிய எண்ணெய்களை விடாதீர்கள், சில சீல்கள் ஊறிப் பெருத்துவிடும். சீல் தளர்வதைக் கருவி இல்லாமலே கண்டுபிடிக்கலாம்: மூடும்போது கடைசிக் கட்டத்தில் வர வேண்டிய எதிர்ப்பு குறையும், "ஸ்ஸ்" என்று கசியும், சைட்டைத் தொடாமலேயே அடி கீழே இறங்கும். எண்ணெய் விட்டும் சரியாகவில்லை என்றால் பேரல் பின்வாயிலில் இருக்கும் ஓ-ரிங்கில் வெட்டு இருக்கிறதா பாருங்கள். பம்பு செய்த நிலையில் அலமாரியில் வைக்கவே கூடாது. அழுத்தத்திலேயே கிடந்தால் சீல் அப்படியே படிந்துபோகும்.

இந்த வகைக்குள் மூன்று பெயர்கள். கேமோ காம்பாக்ட் ஸ்பெயின் நாட்டுத் தயாரிப்பு. மரக் கிரிப்பில் உள்ளங்கைத் தாங்கி ஏற்றி இறக்கலாம், ஆனால் அது வலக்கைக்காரருக்குச் செதுக்கியது. எடை ஒரு கிலோவுக்குள். வைராவ் எச்.டபிள்யூ.40 ஜெர்மன் தயாரிப்பு, அமெரிக்காவில் பீமன் பி3 என்ற பெயரில் விற்றது. உடல் பாலிமர், இரு கைக்கும் ஒத்துவரும், பேரல் அருமை. அதன் ஒளியிழை சைட் மட்டும் இலக்குச் சுடுதலுக்கு ஒவ்வாது. கூர்மையான கறுப்புச் சதுர முனை வேண்டிய இடத்தில் ஒளிப்புள்ளி மினுங்கும். மங்கல் கறுப்பு பெயின்ட் பூசிச் சமாளிக்கலாம்.

மூன்றாவது ரஷ்யாவின் பைக்கால் ஐ.இஸட்.எச்.46எம். மூன்றிலும் போட்டிப் பிஸ்டலுக்கு நெருக்கமானது இதுதான். ட்ரிகரை நுணுக்கமாகத் திருத்தலாம், பேரல் அசையாது, காற்றடிக்காமலே ட்ரிகரை மட்டும் ஏற்றி வெற்றுச் சுடுதல் பழகலாம். நீளமும் பெரிய வரம். முன்சைட் 0.1 மி.மீ. விலகினால், சைட்டுகளுக்கு நடுவே 220 மி.மீ. உள்ள பிஸ்டலில் பத்து மீட்டரில் 4.5 மி.மீ. தவறும், 320 மி.மீ. இருந்தால் 3.1 மி.மீ. தான். இலக்கு அட்டையில் வளையத்துக்கு வளையம் இடைவெளியே 8 மி.மீ. என்பதால் இது சிறிய வித்தியாசமல்ல. ஆனால் எடை 1.3 கிலோ, மெலிந்த மணிக்கட்டுக்குத் தொடக்கத்தில் பாரம். ரஷ்யா மீது அமெரிக்கா விதித்த 2014 தடைகளுக்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்கு வரத்தும் நின்றது. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் கேமோ. இடக்கைக்காரர் என்றால் எச்.டபிள்யூ.40.

ஒற்றை இழுப்பின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு போட்டி 60 சுடுதல். சோதனைச் சுடுதலையும் சேர்த்தால் அத்தனை முறை பம்பு செய்ய வேண்டும், கை நடுங்கத் தொடங்கும். சுடும் கை கிரிப்பைத் தளர்வாகப் பிடித்திருக்க, மற்றக் கை வேலையைச் செய்யட்டும். மூடிய பின் சில நொடி மூச்சு வாங்கிவிட்டுக் கையைத் தூக்குங்கள். கேமோவிலும் எச்.டபிள்யூ.40இலும் பெல்லட்டை வைத்த பிறகே மூடுகிறோம், அதாவது குண்டு ஏறிய துப்பாக்கியோடு மல்லுக்கட்டுகிறோம். குழல் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே. பாதியில் கைவிட்டால் மூடி எகிறி விரலை நசுக்கும்.

போட்டியே குறிக்கோள், பயிற்சி கிளப்பில்தான் என்றால் இந்தப் படியைத் தாண்டி நேராக பி.சி.பி.க்குப் போங்கள். ட்ரிகர் குறைந்தபட்சம் 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், மொத்த எடை 1500 கிராமுக்குள் என்பவை விதிகள். ஒற்றை இழுப்பு வகையும் விதிக்கு முரணல்ல, ஆனால் 60 முறை பம்பு செய்துவிட்டு பி.சி.பி. வைத்திருப்பவர்களோடு போட்டியிடுவது கடினம்.

பழையதை வாங்கினால் கடையிலேயே பம்பு செய்து ஐந்து நிமிடம் வைத்திருந்து பின் சுடச் சொல்லுங்கள், உடனே சுட்டதற்கும் இதற்கும் அடி கீழே விழுந்தால் சீல் விலையைக் கழித்துப் பேசலாம். கிரிப் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று கண்ணை மூடிக் கையைத் தூக்கி, திறந்து பாருங்கள். சைட்டுகள் தாமாகவே நேர்கோட்டில் இருந்தால் சரி. இல்லையென்றால் மரக் கிரிப்பை அரத்தால் ராவிக் குறைக்கலாம், மரப்பசை மாவு வைத்து ஏற்றலாம். பாலிமரில் அந்த வசதி குறைவு.