ஆள் இருக்கிற வீடா, வெறும் வீடா? விற்கக் காட்டும்போது எது எடுபடும்

போன வருசம் மட்டக்களப்பில் எங்கள் குடும்பத்து வீடுகள் இரண்டு விலைக்கு வந்தன. கல்லடியில் பெரியம்மா குடியிருந்தபடியே காட்டினார். லண்டனில் இருக்கும் மச்சான் ஊறணி வீட்டுச் சாமானெல்லாம் ஏற்றிவிட்டு, பெயிண்ட் அடிப்பித்து, திறப்பைத் தரகரிடம் கொடுத்தார்.

வெறும் வீட்டில் அறைகள் பெரிதாகத் தெரியும், நினைத்த நேரம் காட்டலாம். நன்மை அவ்வளவுதான். ஆள் புழங்காத குளியலறையில் தண்ணீர்ப் பொறி (நாற்றத்தைத் தடுக்கக் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர்) வற்றி, குழாய் வழியே நாற்றம் ஏறும். வளவைச் சொல்லவே வேண்டாம், ஒரு மழைக்குப் புல் முழங்காலைத் தொடும்.

பெயிண்ட்தான் பெரிய பிழை. கார்த்திகையில் அடித்தார்கள். மாரி மழையைக் குடித்த சுவர் காய மாசி, பங்குனி ஆகும். ஈரத்தின்மேல் பூசியது மூன்று கிழமையில் கொப்பளித்தது. புதுப் பெயிண்ட் மணந்தாலே நம்மூர் ஆட்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று சுவரைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள்.

கல்லடி வீட்டிலும் குறை இருந்தது. முதலில் வந்தவர்களை வரவேற்றது கருவாட்டுப் பொரியல் மணம். (பெரியம்மாவிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.) பிறகு இரண்டு அலுமாரிகளை மகள் வீட்டுக்கு அனுப்பி, கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றி, கிணற்றை இறைத்தோம். அந்தச் செலவு வீண்போகவில்லை. வாங்க வருகிறவர்களில் ஆம்பிளைகள் காணி உறுதிப் பத்திரமும் நில அளவைப் படமும் கேட்பார்கள். கூட வருகிற அம்மா நேரே கிணற்றடிக்குப் போவார். "மகள், கோடைக்கு உப்புத் தட்டுமா?"

அடுத்த கேள்வி எப்போதும் 2004 தான். சுனாமிக்கு இங்கே எவ்வளவு தண்ணீர் வந்தது? தரகர் "அப்படி ஒன்றும் இல்லை" என்பார். கடலோரக் கல்லடியில் அதை யார் நம்புவது? பெரியம்மா எழுந்துபோய் யன்னலுக்கு மேலே கைவைத்துக் காட்டினார். பிறகு எந்தச் சுவரைப் புதிதாகக் கட்டினோம் என்பதையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் விலை பேசவே உட்கார்ந்தார்கள். பூட்டிய வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை.

ஊறணித் திறப்பு இப்போது சித்தியிடம். செவ்வாய், வெள்ளியில் போய் யன்னல்களைத் திறந்து, குளியலறைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார். கொப்பளித்ததைச் சுரண்டியாயிற்று. பங்குனிவரை பெயிண்ட் இல்லை.