லிட்ஸ் கம்பியா, பிசிபி சுருளா?

வயர்லெஸ் சார்ஜிங் சுருளுக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது அதிர்வெண், கம்பியெல்லாம் அப்புறம்தான். 85 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் பெரும்பாலும் செம்பின் மேற்பரப்பிலிருந்து சுமார் 0.22 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஒதுங்கிவிடும் என்பதால், அதைவிட மெல்லிய, தனித்தனியே எனாமல் (மின்காப்புப் பூச்சு) பூசிய 0.1 மில்லிமீட்டர் இழைகளை நூற்றுக்கணக்கில் முறுக்கிய லிட்ஸ் கம்பிக்கு அங்கே கிட்டத்தட்ட போட்டியே இல்லை. பிசிபி, அதாவது அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில் சுருளாக வரையும் 35 மைக்ரான் (0.035 மில்லிமீட்டர்) செம்புப் படலம் ரொம்ப மெல்லியது, சூடாகித் திணறும். ஆனால் லிட்ஸின் முனையைச் சாலிடர் செய்வது பெரிய தொல்லை: ஒவ்வொரு இழையின் எனாமலும் போயிருக்க வேண்டும், நாலைந்து இழை ஒட்டாவிட்டாலும் வெளியே தெரியாது.

6.78 மெகாஹெர்ட்ஸில் கதை தலைகீழ். அந்த ஆழம் 25 மைக்ரானாகச் சுருங்கிவிடும், அதைவிட மெல்லிய இழையெல்லாம் கட்டுப்படியாகாது. அங்கே பிசிபிதான். உள்சுற்றுகளை மட்டும் கொஞ்சம் ஒல்லியாக வரையுங்கள், காந்தப்புலம் அங்கேதான் அதிகம்.